வலது பக்கத்து இரைச்சல்

காலிங் பெல் அடித்தது. அடித்து ஓயவில்லை. யாரோ அழுத்தியபடியே நின்றார்கள்.

ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த ஸ்மிதா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஹாலில் மடியில் லாப்டாப்போடு உட்கார்ந்திருந்த கௌசிக் தலையைத் தூக்கினான். வாசல் கதவைப் பார்க்கவில்லை. பால்கனியைப் பார்த்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினான். ஸ்மிதா கதவை நோக்கிப் போவதைக் கண்ட பிறகுதான் அவன் கண்ணும் கதவுக்கு வந்தது.

சில மாதங்களாக இப்படித்தான். வீட்டில் இருக்கிறான், ஆனால் இல்லை. ஸ்மிதாவுக்கு அது பழகிவிட்டது. முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. இப்போது இரண்டும் வருவதில்லை.

கதவைத் திறந்தாள். தினேஷ்குமார் நின்றிருந்தான். கறுப்பு உறை போட்ட கீபோர்டை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்ததால் முழங்கையால் பெல்லை அழுத்திக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லிஃப்ட் ரிப்பேர், நான்கு மாடியும் ஏறி வந்திருக்கிறான்.

"சார் இருக்காரா அக்கா?" என்றான்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்த வாரம் இதே கீபோர்டை வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு படியிறங்கிப் போனவன்தான். ஹவுராவில் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவைப் போலவே ரயில்வே பட்டறையில் வேலை. அங்குள்ள தமிழர்கள் சேர்ந்து நடத்தும் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறான். அம்மன் கோவில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று எது வந்தாலும் போவார்கள். அன்று காபி குடித்துக்கொண்டே, வேறு ஆளிடம் வாங்குவதைவிட நம்ம ஆளிடம் வாங்கினால் மனசு நிம்மதி என்று இரண்டு தடவை சொன்னான்.

இன்று உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை. கீபோர்டைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்து உறையின் ஜிப்பை இழுத்தான்.

விஷயம் ஸ்மிதாவுக்கும் ஓரளவு தெரியும். வலது பக்கம் இரைச்சல் வருகிறது, எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவன் செய்தி மேல் செய்தி அனுப்பியிருந்தான். கௌசிக் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பினான். கொடுக்கும்போது நன்றாக இருந்தது, சோதித்துத்தான் கொடுத்தேன். பழைய வாத்தியம் வாங்கி விற்கும் நகரத்துக் கலைஞர்கள் நடுவில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவன் வீட்டிலேயே வாசித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். படி இறங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. கடைசியில் அந்த வழக்கத்தையும் கௌசிக் எழுதிவிட்டான்.

அதுதான் ஸ்மிதாவுக்கு உறுத்தியது. மற்றவர்கள் அப்படிச் சொல்லலாம், கௌசிக் சொல்லமாட்டான். போன வருஷம் ஒரு மைக்கை விற்றுவிட்டு, அதன் அடியில் கீறல் இருப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று தானே சால்ட் லேக் வரை பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவன் அவன். வாங்கியவன் சிரித்தானாம்.

"பத்ரகாளி கோவில்ல ப்ரோக்ராம் சார்," என்றான் தினேஷ்குமார். "எங்க பாடா, எங்க பேட்டை ஜனம் மொத்தமும் உக்காந்திருக்கு. பொண்ணு ஒருத்தி பாட ஆரம்பிக்குது. வலது பக்க ஸ்பீக்கர்ல கர்ர்ருனு தகரத்தை இழுக்கிற மாதிரி சத்தம். அந்தப் பொண்ணு பாட்டை நிறுத்திட்டு என்னைத் திரும்பிப் பாக்குது. என் மாமனார் முதல் வரிசையில இருக்காரு."

"வயர் போயிருக்கும்," என்றான் கௌசிக்.

"மூணு வயர் மாத்திட்டேன்."

"மிக்சர்?"

"அதுவும் மாத்திப் பாத்தாச்சு. ஹெட்போன்லயும் வருது. வலது பக்கம் மட்டும்."

இங்கே வாங்க வந்த அன்று அவன் ஒரே ஒரு வயரைச் சொருகி, இடது பக்கத்தை மட்டும் சின்ன ஆம்ப்ளிஃபயரில் போட்டு வாசித்துப் பார்த்தான். அதுவும் சத்தத்தைக் குறைத்து வைத்து. கீழ்வீட்டு வங்காளிப் பாட்டி மாஷிமாவுக்கு மத்தியானத் தூக்கம் கெட்டால் கம்பால் கூரையைத் தட்டுவாள். கௌசிக் வருஷக்கணக்காக ஹெட்போன் மாட்டித்தான் பயிற்சி செய்ததே அவளால்தான்.

கௌசிக் எழுந்து அலமாரியிலிருந்து அந்தப் பழைய ஹெட்போனை எடுத்தான். காது மெத்தை கிழிந்து, இடம் வலம் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. வயர் தொங்குகிற பக்கம் இடது. அவனுக்கு அது போதும். மாட்டிக்கொண்டு கீபோர்டை ஆன் செய்தான். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஒரு ராகத்தின் ஆரோகணம் வாசித்தான். சத்தத்தை ஏற்றினான், இறக்கினான். எல்லாக் கட்டைகளையும் ஒருமுறை தொட்டு வந்தான்.

"ஒண்ணும் இல்ல. க்ளீனா இருக்கு."

தினேஷ்குமார் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தான். ஒரே கட்டையை அழுத்தினான். முகம் சுளித்தது. அதைக் கழற்றி ஸ்மிதாவிடம் நீட்டினான்.

அவளுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் இதைக் கேட்கச் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. இடது காதில் சுத்தமான சுரம். வலது காதில் அதே சுரத்தின் மேல் மணலை அள்ளிக் கொட்டுகிற மாதிரி கரகரப்பு.

கணவனைப் பார்த்தாள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொய் சொல்கிறான் என்று தோன்றியது. அதிர்ச்சியாக இருக்கவில்லை. இதுவும் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மழைக்காலத்தில் தலைசுற்றல் என்று ஒரு வாரம் படுத்திருந்தான். எழுந்ததிலிருந்து வேறு மனிதன். பதினைந்து வருஷம் வாசித்த குழுவிலிருந்து விலகினான். தலைவன் சந்தீப் போன் செய்தால் ஆபீஸில் வேலை அதிகம் என்றான். பூஜைக் கச்சேரி ஒன்றுக்கும் போகவில்லை. பெட்டி பெட்டியாக வாத்தியங்கள் எல்லாவற்றையும் விற்றான். சாப்பிடும்போது எப்போதும் உட்காரும் நாற்காலியை விட்டு எதிர்ப்பக்கம் மாறினான். ஆட்டோவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவன், ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி இறங்கி அந்தப் பக்கம் போய் ஏறினான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, சும்மா என்றான்.

அவள் வேலை செய்யும் செக்டர் ஃபைவ் கம்பெனி சென்னைக்கு மாற்றல் தருவதாகச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போன வாரம் படுக்கையில், விளக்கை அணைத்த பிறகு கேட்டாள். சென்னைக்குப் போகட்டுமா, நீயும் வருவியா என்று. அவன் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தான். தூங்கவில்லை, கட்டில் விளிம்பில் விரல் ஏதோ தாளம் தட்டிக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை. அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை. அந்த மௌனமே பதில் என்று எடுத்துக்கொண்டாள். தனியாகப் போவதாக எழுதிய கடிதம் அவள் ஆபீஸ் மெயிலில் அனுப்பாமல் கிடந்தது. நாளை மறுநாள் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

ஏமாற்றுகிறவனோடு வாழவில்லை என்கிற ஒன்றாவது மிச்சம் இருந்தது. அதுவும் இந்த மேஜை மேல் போகிறது என்று நினைத்தாள். நினைப்பில் சூடே இல்லை.

"சார், நான் சண்டை போட வரல," என்றான் தினேஷ்குமார். போனை எடுத்தான். "இது நீங்க அனுப்பின வீடியோ. விக்கறதுக்கு முன்னால நீங்களே வாசிச்சு அனுப்பினது. பட்டறையில மெஷின் ஓடறப்ப போன் ஸ்பீக்கர்ல கேட்டேன், சூப்பர்னு வந்து வாங்கிட்டேன். நேத்து இயர்போன் போட்டுக் கேட்டா இதுலயே அந்த இரைச்சல் இருக்கு."

"இருக்காது."

"அக்கா, நீங்க கேளுங்க."

கேட்டாள். இருந்தது. வலது காதில், அதே மணல்.

"தப்பா நினைக்காதீங்க சார்," என்றான் அவன். குரலில் கோபம் குறைந்து ஒருவித வியப்பு வந்திருந்தது. "சொத்தைக் கத்திரிக்காயை விக்கறவன் நல்ல பக்கத்தைக் காட்டி வைப்பான். நீங்க சொத்தையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கீங்க. திருட்டுத்தனம் பண்ற ஆளு இப்படியா பண்ணுவான்? ராத்திரி பூரா இதேதான் யோசனை எனக்கு. என் சம்சாரம்கூட, அவரு கேட்டுட்டு அனுப்பியிருக்க மாட்டாருன்னு சொல்லுது."

"கேட்டுட்டுத்தான் அனுப்பினேன்," என்றான் கௌசிக். "அஞ்சாறு தடவை கேட்டேன்."

அது பொய்யில்லை என்று ஸ்மிதாவுக்குத் தெரியும். அந்த வீடியோவோடு ஒரு சாயங்காலம் முழுக்க இந்த நாற்காலியில் ஹெட்போனுடன் உட்கார்ந்திருந்தான். டீ வேணுமா என்று அவள் பக்கத்தில் நின்று கேட்டபோதுகூடத் திரும்பவில்லை.

அஞ்சாறு தடவை கேட்டவன் எப்படி இதை விட்டான்? அவளுக்குள் ஏதோ ஒன்று மெதுவாகப் புரண்டது. ஆனால் முழுதாகத் திரும்பி முகம் காட்டவில்லை.

"இன்னொரு தடவை பார்த்துடு," என்றாள்.

"பார்த்தாச்சு ஸ்மிதா."

"எனக்காகப் பாரேன்."

அவன் கையை நீட்டவில்லை. மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேச்சை முடிக்க வேண்டும் என்கிற அவசரத்தில் அவளே ஹெட்போனை எடுத்து அவன் தலையில் மாட்டினாள். வயர் எந்தப் பக்கம் தொங்குகிறது என்றெல்லாம் பார்க்கவில்லை. அவன் கை விரலைப் பிடித்து ஒரு கட்டையின் மேல் வைத்தாள்.

கௌசிக் அழுத்தினான்.

விரல் அப்படியே நின்றது. எடுத்தான். மறுபடி அழுத்தினான். பக்கத்துக் கட்டை. அதற்குப் பக்கத்துக் கட்டை. கீழே டாக்குரியா ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய லோக்கல் ரயில் தடதடத்துப் போகும்வரை அழுத்திக்கொண்டே இருந்தான். முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. கண் மட்டும் மூடவில்லை.

"அக்கா, மாத்தி மாட்டிட்டீங்க," என்றான் தினேஷ்குமார். "வயர் இடது பக்கம் வரணும். இப்ப வலது பக்கச் சத்தம் இடது காதுல கேக்கும்." திருத்துவதற்காகக் கையை நீட்டினான்.

கௌசிக் இரண்டு கைகளாலும் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம். இருக்கட்டும். இப்பதான் கேக்கறது."

தினேஷ்குமார் முதலில் ஹெட்போனைப் பார்த்தான், பிறகு கௌசிக்கின் வலது காதைப் பார்த்தான். சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டான்.

கௌசிக் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். சுருக்கமாகச் சொன்னான். கீபோர்டு இங்கேயே இருக்கட்டும். பணம் இன்றைக்கே வந்துவிடும். கோவிலில் நடந்ததற்கு மன்னிக்க வேண்டும். மாமனாரிடம் தான் பேச வேண்டுமென்றால் பேசுவதாகவும் சொன்னான். ஆபீஸ் போனில் பேசுகிற மாதிரி இருந்தது குரல்.

சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தவனுக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. பணம் ஒன்றும் ஓடிப்போகாது, மெதுவாக அனுப்பினால் போதும் என்றான். ஹவுராவில் தெரிந்த மெக்கானிக் இருக்கிறான், வேண்டுமானால் கொண்டுபோய்ச் சரிபண்ணித் தருவதாகச் சொன்னான். வீட்டில் கவலைப்படுவார்கள், ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான்.

ஸ்மிதா கணவனின் வலது தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் பெயரைச் சொன்னாள். சாதாரணமாக, பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற அளவுக்கு.

கௌசிக் உறையின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

டீ கேட்டபோது திரும்பாதது. ஆட்டோவை நிறுத்தி இடம் மாறியது. நாற்காலி. பால்கனியைப் பார்த்த பார்வை. சுவர்ப் பக்கம் ஒருக்களித்து, இடது காதைத் தலையணையில் புதைத்துப் படுத்திருந்த முதுகு. ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மேஜையைச் சுற்றிக்கொண்டு போனாள். அவனுடைய இடது பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நாற்காலி நகர்ந்த சத்தத்துக்கே அவன் திரும்பினான்.

"போன வாரம் ஒரு ராத்திரி," என்றாள். "சென்னைக்கு என்னோட வரியான்னு கேட்டேன். நீ பதிலே சொல்லல."

கௌசிக் ஜிப்பை விட்டான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"எந்தப் பக்கத்திலேருந்து கேட்டே?"