மாப்பிள்ளைகிட்ட சொல்லாத பாஸ்வேர்டு

எனக்குச் சந்தேகம் வந்தது மாப்பிள்ளை மேலதான். இதுல மறைக்க என்ன இருக்கு! எங்க கூரியர் ஆபீஸ் சரக்கெல்லாம் ஒரு குடோன்ல இருக்கு. அந்த குடோன்காரங்க வெப்சைட்டுக்கு எங்ககிட்ட இருந்த பாஸ்வேர்டை வச்சு, எவனோ வாடிக்கையாளர் முகவரி, போன் நம்பர் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான். பாஸ்வேர்டு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒண்ணு நான். இன்னொண்ணு பக்கத்து மேஜையில இருக்கிற என் தங்கச்சி புருஷன். அவரை வேலைக்குச் சேத்துவிட்டதே நான்தான்.

"யாருன்னு இந்த வாரத்துக்குள்ள தெரியணும். இல்லன்னா உங்க மாப்பிள்ளையை வேலையை விட்டு அனுப்பிடுவேன்"னு மேனேஜர் சொல்லிட்டார். தங்கச்சி போன்ல ஒரே அழுகை. "அவருக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. நீதான் பாத்துக்கணும்." சரிம்மா, சரிம்மான்னேன். ஒண்ணும் தெரியாத மனுஷன் எதுக்கு எப்பவும் போனைக் கவுத்து வைக்கணும்? நான் கிட்டப் போனா எதுக்குத் திரையை மாத்தணும்?

பாஸ்வேர்டை நானே மாத்தி, அந்த சைட்லேர்ந்து சரக்கு விவரம் எடுக்கிற எங்க புரோகிராம்ல நானே போட்டேன். அவர்கிட்ட மூச்சு விடலை. அவர் டீ கொண்டுவந்து வச்சப்பகூட கையைக் குறுக்க வச்சு கீபோர்டை மறைச்சுக்கிட்டேன்.

மறுநாள் அதே திருடன் புது பாஸ்வேர்டோட உள்ள வந்திருந்தான். அது தெரிஞ்ச ஒரே ஆள் நான்தானே!

புரோகிராமை வரி வரியா நோண்டினேன். சைட்டுகளோட பேசறதுக்கு, யாரோ எழுதி இலவசமா விட்ட ஒரு லைப்ரரியை, அதாவது ரெடிமேட் புரோகிராமை, அப்படியே எடுத்துப் போட்டிருந்தோம். குடோன் சைட்ல ஒரு பக்கத்தைக் கேட்டா, "இங்க இல்ல, அங்க போ"ன்னு அவங்க பழைய வெப்சைட் முகவரிக்குத் தள்ளிவிடுது. அந்த முகவரியை அவங்க எப்பவோ கைவிட்டாச்சு. எவனோ அதை வாங்கிப் போட்டு உக்காந்திருக்கான். நம்ம லைப்ரரி மகாராசன் அங்கயும் போய், யாரு என்னன்னு பாக்காம பாஸ்வேர்டை எடுத்து நீட்டியிருக்கான். பாவி!

மாப்பிள்ளையை இழுத்துக்கிட்டு மேனேஜர் ரூமுக்கு ஓடினேன். லைப்ரரி விஷயத்தை மூச்சு விடாம சொன்னேன்.

"இவர் இல்லன்னு எப்படி உறுதியா சொல்றீங்க?"

"நான் மாத்துன புது பாஸ்வேர்டும் போயிருக்கு சார்! அது இவருக்குத் தெரியவே தெரியாது. நான்தான் சொல்லவே இல்லையே!"

மேனேஜர் சிரிச்சு, அவருக்குக் கை குடுத்தார். மாப்பிள்ளை சிரிக்கலை. வெளிய வந்ததும் கேட்டார்.

"எப்ப மாத்துனீங்க மச்சான்?"

"நேத்து... நீங்க டீ கொண்டுவந்தப்போ."

எனக்கு எங்க பாக்குறதுன்னே தெரியலை.

"இதை வீட்ல அவகிட்ட சொல்லிடாதீங்க. அண்ணன் கூட நிக்கிறாருன்னுதான் நேத்து கொஞ்சமாவது தூங்கினா."