எலெனாவின் கழுத்தில் ஒரு மரக்கட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் சிட்னியின் மேற்குப் பக்கத்தில், ஓர் ஆரம்பப் பள்ளி நூலகத்தில் வேலை செய்தேன். சிலி நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் மத்தியானத்தில் அங்கே கூடி, ஆங்கிலக் கதைப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பற்றி ஸ்பானிஷில் சண்டை பிடிப்பார்கள்.

"ஆங்கிலம் ஏறுதில்லையே, மிஸ்டர் விக்னராஜா" என்றா தலைமையாசிரியை.

நான் படித்த யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தில் அதற்கொரு மருந்து இருந்தது. தமிழ் கதைத்தால் கழுத்தில் மரக்கட்டை தொங்கும். இன்னொருவன் தமிழ் கதைக்கும்போது பிடித்தால் அவன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். அதே மாதிரி, ஸ்பானிஷ் கதைக்கிற பிள்ளைக்கென்று ஒரு கட்டை செய்து நூல் கட்டினேன். மூன்றாம் நாள் நூலகத்து ஈக்கள்கூட ஆங்கிலத்தில்தான் ரீங்கரித்தன. நானே கேட்டேன்.

ஒரு வியாழக்கிழமை கட்டை மரிசோல் என்ற ஒன்பது வயதுக்காரியோடு வீட்டுக்குப் போனது. திரும்பி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளுடைய தாய் எலெனா வந்தா. கழுத்தில் கட்டை. கையில் அட்டை கிழிந்த ஸ்பானிஷ் புத்தகம்.

"அம்மா ஸ்பானிஷ் கதைக்கேக்க சாப்பாட்டு மேசையில பிடிச்சனான்" என்றாள் மரிசோல் பெருமையாக. "அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால அஞ்சு நாளாக் கதைக்கேல்லை."

"உனக்குப் புத்தகம் வாசிச்சுக் காட்டுறவவோ?"

"முந்தி. இப்ப இல்லை."

கட்டையைக் கழற்றக் கை நீட்டினேன்.

"ஏலாது மிஸ்டர் விக்! நீங்கள் ஸ்பானிஷ் கதைச்சாத்தான் உங்களுக்கு மாத்தலாம். உங்கட சட்டம்தானே?"

புத்தகத்தை வாங்கி முதல் வரியை வாசித்தேன். யன்னலில் இருந்த இரண்டு மக்பைப் பறவைகள் என் உச்சரிப்பைக் கேட்டு மயங்கி விழுந்தன. எலெனா சிரிக்கவில்லை. கட்டையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டு, நான் கொன்ற சொல் ஒன்றை மெதுவாகத் திருத்தினா. பிறகு அந்த வரி முழுவதையும் மகளைப் பார்த்து வாசித்தா.

"அம்மா, ஷ்ஷ்! ஆக்கள் பாக்கினம்" என்றாள் மரிசோல், ஆங்கிலத்தில். அலுமாரியிலிருந்து ஆங்கிலக் குதிரைக்கதை ஒன்றை உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தாய் கிழிந்த புத்தகத்தை மூடிக் கைப்பைக்குள் வைத்தா.

சட்டப்படி, எலெனா ஸ்பானிஷில் வாசித்த கணமே கட்டையை நான் அவவுக்குத் திருப்பிப் போட்டிருக்கலாம். போடவில்லை. அதற்குப் பிறகு எவர் ஸ்பானிஷ் கதைத்தாலும் நான் பிடிக்கவில்லை. கட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.