தயக்கத்துக்கு ஒரு ஃபங்ஷன்

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. "தயக்கம்" என்றது.

தங்கையோடு உள்ளே நின்ற அக்கா அண்ணாந்து பார்த்தாள். "ஏய், இது உன் குரலாச்சே!"

தங்கையின் குரல்தான். அவள் வேலை பார்க்கும் இந்த அலுவலகம் லிஃப்டுக்கு மென்பொருள் எழுதுவது. குரல் பதிவு என்றதும் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிட, அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. மென்பொருளும் அவள் எழுதியதுதான். ஏறு, இறங்கு, நில், கதவைத் திற என்று லிஃப்டின் நிலைகளை ஓர் எனமாக, அதாவது பெயர்ப் பட்டியலாக வரிசைப்படுத்தி, ஒவ்வொரு நிலைக்கும் ஃபங்ஷன் என்னும் ஒரு கட்டளைத் தொகுப்பை முடிச்சுப் போட்டிருந்தாள். அந்த நிலை வந்தால் அந்த ஃபங்ஷன் ஓடும். மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நொடியில் கூப்பிட்டால்? அதற்குத் தயக்கம் என்று தனி நிலை வேண்டும் என்று கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றாள். சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். பெயரைச் சேர்த்தாள். ஃபங்ஷனை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டாலே பாதி முடிந்ததுபோல அவளுக்கு ஒரு நிம்மதி வந்துவிடும்.

"தயக்கம்."

"தெரியுதும்மா, தொணதொணக்காத" என்று லிஃப்டை அதட்டிவிட்டு அக்கா தங்கையிடம் திரும்பினாள். "எங்க வீட்டு மாடி போர்ஷனைக் காலி பண்ணி வெச்சிருக்கேன். வரியா, இல்லியா? இன்னிக்குச் சொல்லலைன்னா வேற யாருக்காவது விட்டுடுவேன்."

தங்கையின் கணவனுக்கு வேறு ஊரில் வேலை. அங்கே வந்துவிடு என்று அவன் தினமும் கூப்பிடுகிறான். இருவருக்கும் அவள் கொடுத்த பதில் ஒன்றே: "பாக்கலாம்."

நான்காம் மாடியிலிருந்து மேலாளர் கத்தினார். "காவலாளியும் நானும் ஒண்ணா அழுத்திட்டோம் போலருக்கு! இங்க அனுப்புங்க!"

"நான்தான் சார் முதல்ல!" என்றார் காவலாளி கீழிருந்து.

"யோவ், நான் மேலாளர்!"

"அப்ப மேலயே இருங்க சார்!"

அவள் தரையில் சம்மணமிட்டு, மடிக்கணினியை லிஃப்டோடு இணைத்தாள். 'மேலே போ' என்று எழுதினாள். அழித்தாள். 'கீழே போ.' அதையும் அழித்தாள்.

"என்னடி இவ்ளோ யோசனை?"

"மேல போனா அவருக்குக் கோவம் வரும், கீழ போனா இவருக்கு..."

"உள்ள மாட்டிக்கிட்டு மூச்சு முட்டுதே எனக்கு, அதை ஒருத்தராவது கேட்டீங்களா?"

அவள் விரல் நின்றது. உள்ளே இருப்பவர். இவ்வளவு நாளாக அந்தப் பக்கம் அவள் யோசனை போனதே இல்லை. மடமடவென்று எழுதினாள்: இரண்டு அழைப்பையும் தள்ளு, பக்கத்து மாடியில் நில், கதவைத் திற.

லிஃப்ட் குலுங்கி இறங்கியது. இரண்டாம் மாடியில் கதவு திறந்தது; இருவரும் வெளியே வந்தார்கள்.

"அக்கா, நான் மாடிக்கு வரல. அவர் ஊருக்கும் போகல. இப்ப இருக்கற வீட்டுலயே இருக்கப் போறேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா நான் படியிலயே எறங்கியிருப்பேனே! சரி, அவர்கிட்ட யார் சொல்றது?"

கைப்பேசி அடித்தது. கணவன். எடுத்தாள். அதற்குள் மேலாளரும் காவலாளியும் மறுபடி சேர்ந்தே அழுத்திவிட்டார்கள்.

"தயக்கம்" என்றது லிஃப்ட், அவள் முதுகுக்குப் பின்னால், அவள் குரலில்.

"என்ன தயக்கம்?" என்றான் அவன்.

"அது நான் இல்லீங்க, லிஃப்டு" என்றாள். "நான் சொல்றதை இப்பக் கேளுங்க."