தெரியாது என்று குறித்த படங்கள்

நார்வேயில் டிரோண்ட்ஹெய்ம் துறைமுகத்தைப் பார்த்தாற்போல் இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் டோருன் ஆஸ்ஹெய்ம் மூன்று வருடங்களாகத் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஹைட்ரஜனும் காற்றும் சேர்ந்து மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தில் கழிவென்று வெளியே வருவது வெறும் தண்ணீர்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் வெளியேறாமல் தேங்கினால், காற்று போகிற மெல்லிய வாய்க்கால்கள் அடைபட்டு, கலம் தன் தண்ணீரிலேயே மூழ்கிப்போகும். வெளியே தெரிவது மின்னழுத்தம் சரியும்போதுதான். கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும் படகுக்கு அந்த நேரத்தில் தெரிந்து என்ன பயன்? அதனால் டோருன் கலத்தின் ஒரு பக்கத்தில் கண்ணாடி மாதிரித் தெளிவான தகடு பொருத்தி, எதிரே கேமராவை நிறுத்தினாள். படங்களைப் பார்த்துப் பழகி, வெள்ளம் வரப்போவதைக் கணினியே சொல்ல வேண்டும் என்பது அவள் திட்டம்.

கணினி பழக வேண்டுமானால் முதலில் யாராவது சொல்லித்தர வேண்டும். பதினோராயிரம் படங்கள். ஒவ்வொன்றிலும் ‘தண்ணீர்’ அல்லது ‘காய்ந்தது’ என்று குறிக்க வேண்டும். எண்ணூறு படத்திலேயே டோருனுக்குக் கண் பூத்துப்போயிற்று. அப்போதுதான் வேலைவாய்ப்பு அலுவலகம் ஜோஸ்டைனை அனுப்பிவைத்தது. படகு எஞ்சின் அறையில் பன்னிரண்டு வருடம் இருந்தவன். முப்பத்தெட்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை செயலற்றுப்போனது; பேசும்போதும் சில வார்த்தைகள் வரத் தாமதமாகும்.

“வலது கை லீவுல இருக்கு,” என்றான் முதல் நாளே. “எப்ப திரும்பும்னு சொல்லிட்டுப் போகல. இடது கைதான் வேலைக்கு வந்திருக்கு. பரவாயில்லையா?”

“மவுஸை அந்தப் பக்கம் மாத்தி வெச்சுக்கோ,” என்றாள் டோருன்.

மூன்றாவது வாரம் அவன் வந்து நின்றான்.

“எனக்கு இன்னொரு பொத்தான் வேணும். ‘தெரியாது’ன்னு.”

“எதுக்கு?”

“சிலது தண்ணியும் இல்ல, காஞ்சும் இல்ல.”

“எது பக்கமா இருக்கோ அதைப் போட்டுட்டுப் போயேன்.”

“எஞ்சின் ரூம்ல அப்படிப் போட்டிருந்தா இன்னைக்கு உன் முன்னாடி நின்னுட்டு இருக்க மாட்டேன்.”

பொத்தானைச் செய்து கொடுத்தாள். வேலை முடிந்தபோது அதில் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் சேர்ந்திருந்தன. பக்கவாதம் வந்தவன், குழம்பியிருப்பான் என்று அவளாகவே முடிவுகட்டினாள். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் குறிகளை அழித்துவிட்டு, மிச்சத்தை வைத்துக் கணினியைப் பழக்கினாள்.

நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாக வந்தது. ஆய்வுக்கூடத் தலைவர் ஹால்கெய்ரிடம் பெருமையாகக் காட்டினாள்.

“எவ்வளவு முன்னாடி சொல்லுது?” என்று கேட்டார் அவர்.

“நாப்பது செகண்டு.”

“நாப்பது செகண்டுல படகுக்காரன் என்ன பண்ணுவான்? உயிர்காப்பு அங்கியைத் தேடிப் போட்டுக்குவானா?”

படகு நிறுவனத்தார் வந்து பார்க்க மூன்று வாரம்தான் இருந்தது. டோருன் என்னென்னவோ மாற்றிப் பார்த்தாள். அந்த நாற்பது நாற்பத்தைந்தாகக்கூட ஆகவில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகம் கொடுத்த கெடுவில் ஜோஸ்டைனுக்கு அது கடைசி வாரம். மதியச் சாப்பாட்டு வேளையில், ரொட்டிமேல் பழுப்புப் பாலாடைக்கட்டியை வைத்துக் கடித்தபடி, திரையில் ஓடிக்கொண்டிருந்த கலத்தைப் பார்த்தான்.

“ஆரம்பிச்சிடுச்சு,” என்றான்.

டோருன் உற்றுப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. “என்ன ஆரம்பிச்சிடுச்சு?”

“வாய்க்கால்ல அந்த வளைவுகிட்ட பாரு. லேசா மங்குது.”

அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். ஒன்பது நிமிடம் கழித்து மின்னழுத்தம் சரிந்தது.

“பழைய எஞ்சின்ல எண்ணெய் பாக்குற கண்ணாடி ஒண்ணு இருக்கும்,” என்றான் ஜோஸ்டைன். “உள்ள தண்ணி சேருதுன்னா முதல்ல அது வேர்க்கும். சொட்டு அப்புறந்தான். இதுவும் அந்த மாதிரி வேர்வையோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நிச்சயமாத் தெரியல. அதைத்தானே தெரியாதுன்னு போட்டேன்.”

டோருன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

“ஜோஸ்டைன், அந்தக் குறியெல்லாத்தையும் நான் அழிச்சுட்டேன்.”

“ஏன்?”

“நீ குழம்பிப்போய்ப் போட்டிருப்பேன்னு நெனச்சேன். உன்கிட்ட கேட்டிருக்கணும். கேக்கல.”

அவன் மிச்ச ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். வார்த்தை வரத் தாமதமா, கோபமா என்று அவளுக்குப் புரியவில்லை.

“நானே என்னை அப்படி நெனச்ச நாள் உண்டு,” என்றான் கடைசியில். “ஆனா நீ கேட்டிருக்கலாம்.”

“ஆமா.”

அவன் பையைத் துழாவி ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் போட்டான். இடது கையால் எழுதிய கோணல்மாணல் எழுத்தில், பக்கம் பக்கமாகப் பட எண்கள்.

“தலை முன்ன மாதிரி இல்ல. எதுவா இருந்தாலும் எழுதி வெச்சுக்குவேன். நானூத்திப் பன்னெண்டும் இருக்கும், எண்ணிப் பாத்துக்கோ.”

நியாயமாக அவன் நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவனோ நாற்காலியை இழுத்துப் போட்டு, “நான் வாசிக்கிறேன், நீ அடி. என் எழுத்தை உன்னால படிக்க முடியாது,” என்றான். இரண்டு நாள் வாசித்தான். ‘வேர்வை’ என்று மூன்றாவது குறி ஒன்றைச் சேர்த்து, கணினியை முதலிலிருந்து பழக்கினார்கள்.

படகு நிறுவனத்தார் ஆறு பேர் வந்தார்கள். கலத்தின் மின்சுமையை ஏற்றிப் பதின்மூன்றாவது நிமிடத்தில் கணினி மெல்ல ஒலித்தது. திரையில் அந்த வளைவைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம். டோருன் காற்றைக் கொஞ்சம் கூட்டினாள். மங்கல் கலைந்தது. அரை மணி நேரம் ஓட்டியும் மின்னழுத்தக் கோடு இம்மிகூட இறங்கவில்லை.

“எங்களுக்கு ஒண்ணும் நடந்த மாதிரி தெரியலையே,” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

“அதைக் காட்டத்தான் கூப்பிட்டோம்,” என்றார் ஹால்கெய்ர்.

அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கைகுலுக்கிக் கிளம்பும்போது, படகில் பொருத்திப் பார்க்கத் தேதியும் சொல்லிவிட்டுப் போனார்கள். படகில் எடுக்கப்போகும் படங்களைப் பார்த்துக் குறிக்க வாரத்தில் மூன்று நாள் ஜோஸ்டைன் வேண்டும் என்று டோருன் கேட்டாள். ஹால்கெய்ர் மறு பேச்சில்லாமல் தலையாட்டினார்.

மறுநாள் ஜோஸ்டைனைக் கூப்பிட்டுத் ஆய்விதழுக்கு அனுப்பவிருந்த தன் கட்டுரையின் முதல் பக்கத்தைக் காட்டினாள். அவள் பெயருக்கு அடுத்து அவன் பெயர்; அதற்கும் பிறகுதான் ஹால்கெய்ர். ‘தெரியாது’ என்ற குறி எப்படி வந்தது, யார் கேட்டு வந்தது, முதலில் அது ஏன் அழிக்கப்பட்டது என்று ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தாள்.

“அழிச்ச கதையை எதுக்கு எழுதின? உனக்குத்தானே அசிங்கம்.”

“நடந்தது அதுதானே. நன்றி ஜோஸ்டைன். இதை நீ நோட்டை எடுத்துப் போட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

அவன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தான். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

“இங்க வர்றதுக்கு முன்னாடி,” என்றான், வார்த்தை வரும்வரை காத்திருந்து, “ரெண்டு வருஷமா ஒருத்தரும் என்கிட்ட எதையும் பாத்துச் சொல்லுன்னு கேக்கல. அதனால நன்றி ரெண்டு பக்கமும் இருக்கு. பேர்ல எழுத்துப் பிழை இல்ல. அனுப்பிடு.”

அவள் அவன் எதிரிலேயே அனுப்பினாள்.