எந்த ரைட்டு?

உலக மொழிகளின் வரலாற்றைத் திருப்பிப்போட்ட நிகழ்ச்சி ஒன்று, சென்ற வெள்ளிக்கிழமை காலை சிறுவாச்சூர் பஸ் நிறுத்தத்தில் நடந்தேறியது என்பதைச் சகலருக்கும் அறிவிக்கிறேன்.

1

இது என் பல்லாண்டு ஆய்வின் கனி என்று எழுத ஆசைதான். உண்மையில் பஸ்ஸில் ஒட்டுக்கேட்டது.

2

‘அந்திச் சூரியன் சுண்ணாம்புக்கல் லாரிகளின் மேல் தன் பொன்…’ (காலை எட்டு மணி. அடித்துவிட்டேன்.)

பாடாலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர் மரிய ஆல்பர்ட். முன்படியை ஒட்டிய இருக்கையில் அனிதா மேரி. பெரம்பலூரில் பிரெஞ்சு டீச்சர். நான் அவளுக்குப் பின்னால்.

“எங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே ரைட்டுதான் மிஸ்.”

“பிரெஞ்சுல அப்படி ஓட்ட முடியாதுங்க. வலப்பக்கம்னா த்ருவாத். உரிமைன்னா த்ருவா. நீங்க சொல்றது சரின்னா ரெஸோன். சம்மதம்னா தக்கோர்.”

“போலாம் ரைட்டுக்கு?”

“அதுக்குச் சொல்லே இல்ல. அங்க கண்டக்டரே கெடையாது.”

ஆல்பர்ட் பிரான்ஸ் தேசத்துக்காக ஒரு நிமிடம் வருந்தினார்.

[நான்கையும் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன். இனி என் பிரெஞ்சுப் புலமை பொங்கி வழியும், பொறுத்தருள்க.]

3

“ஞாயித்துக்கெழம என்னைய பொண்ணு பாக்க வராங்க,” என்றாள் அனிதா.

ஆல்பர்ட்டின் நெஞ்சில் இடி… (வேண்டாம். மனிதர் எனக்கு இரண்டாவது தடவை டிக்கெட் கிழித்தார், அவ்வளவுதான்.)

சிறுவாச்சூர் வந்தது. கோயில் கூட்டம் இறங்கியது. ஆல்பர்ட்டும் இறங்கி, கீழே நின்று, ஜன்னல் வழியாகக் கேட்டேவிட்டார்.

“அவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க மிஸ். நானே எங்கம்மாவக் கூட்டிக்கிட்டு வூட்டுக்கு வரேன். ரைட்டா?”

அனிதா உரக்கச் சொன்னாள்: “ரைட்!”

டிரைவர் கொளஞ்சிக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். வண்டியை எடுத்துவிட்டார்.

4

முடிவு அ: அவள் சொன்னது தக்கோர். கல்யாணம்.

முடிவு ஆ: இந்த ஆளை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம், ரைட்.

முடிவு இ: அவருக்கு வலப்பக்கம் லாரி வந்தது, எச்சரித்தாள். (த்ருவாத்! பார்த்தீர்களா புலமையை?)

வாசகரே, எது வேண்டும்?

5

பஸ்ஸே கத்தியதில் கொளஞ்சி பிரேக் போட்டார். “யோவ், ரைட்டுன்னு கொரல் வந்துச்சுல்ல? நான் என்ன பண்ணுவேன்?”

ஆல்பர்ட் ஓடிவந்து ஏறினார். மூச்சு வாங்கியது.

“எந்த ரைட்டு மிஸ்?”

ஐம்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அனிதா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல் சொன்னாள். பிரெஞ்சில். அவசரமாக டிக்கெட்டைத் திருப்பினேன். அந்த நான்கில் அது இல்லை. ஆல்பர்ட் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். பஸ் கிளம்பியது.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது.