கையெழுத்துக்கு மேலே இருந்த இடம்

முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க் அன்றைய வழக்குகளை எல்லாம் கூப்பிட்டு முடித்தபோது, தன் வழக்கின் எண்ணைத் தான்தான் காதில் வாங்காமல் விட்டுவிட்டோம் என்று மெர்சி நினைத்தாள். அவளுக்கு அந்தக் குறை உண்டு. காத்திருக்கும் நேரத்தில் மனம் எங்கேயாவது போய்விடும்.

ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தடியில் சுந்தராம்பாள் உட்கார்ந்திருந்தாள். வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் புஞ்சையில் வேர்க்கடலை போடுகிறவள். புருஷன் செத்த மறு வருஷமே கொழுந்தன் ராஜாமணி மொத்த நிலத்தையும் மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்கு விற்கக் கிளம்பினான். ஒரகடம் பக்கம் அந்த 1991இல் யாராவது காரில் வந்து இறங்கி நிலம் பார்க்காத நாளே இல்லை. சுந்தராம்பாளின் பங்கைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி வழக்குப் போட்டு, அது முடியும்வரை யாரும் நிலத்தை விற்கக் கூடாது என்று தடையும் வாங்கிக் கொடுத்தவள் மெர்சி. வக்கீலாகி மூன்று வருஷத்தில் தன் பெயரில் மட்டும் அவள் நடத்திய முதல் வழக்கு.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுந்தராம்பாள் சொன்னாள்: "நம்ம நெலத்துல கல்லு நட்டுகினு கீறானுங்க மெர்சிம்மா. கோர்ட்டு தடை கீதேன்னு கேட்டா சிரிக்கிறானுங்க. ஜட்ஜு ஐயாவாண்ட சொல்லு."

சொல்கிறேன் என்று தைரியமாகத்தான் உள்ளே வந்திருந்தாள்.

இப்போது எழுந்து நின்று, தன் வழக்கு இன்னும் கூப்பிடப்படவில்லை என்றாள். கிளார்க் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நீதிபதியை அண்ணாந்து பார்த்தார். நீதிபதி வழக்குக் கட்டிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து அவளிடம் நீட்டச் சொன்னார். அந்த வழக்குப் போன வியாழக்கிழமையே முடிந்துவிட்டதே, நீங்கள்தானே முடித்துக்கொண்டீர்கள் என்று அவர் கேட்டதில் கோபம் இல்லை, கொஞ்சம் வியப்புதான் இருந்தது.

முதல் தாள், வழக்கை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளக் கேட்டது. இரண்டாவதில் ஒரே வரி. 'வாதி இவ்வழக்கை மேற்கொண்டு நடத்த விரும்பவில்லை.'

இரண்டின் அடியிலும் அவள் கையெழுத்து. யாரும் பார்த்துப் போட்ட கள்ளக் கையெழுத்தில்லை. கடைசி எழுத்திலிருந்து கீழே இறங்கி வளைந்து திரும்பும் அந்த வால் அவளுடையதுதான். பத்தாம் வகுப்பில் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஆசை ஆசையாகப் பழகிய வால்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதன் சத்தம் மட்டும் கேட்கவில்லை. யாரோ பின்னாலிருந்து அவளை உட்காரச் சொன்னார்கள். அவள் வெளியே நடந்தாள்.

அவள் ஜூனியராக இருந்த மூத்த வக்கீல் ரகுபதியின் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமைதோறும் குமாஸ்தா சுப்பராயன் பத்து வெள்ளைத் தாள்களை எடுத்து நீட்டுவார். ஜூனியர்கள் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். மெர்சி வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பஸ் தாமதமானால் அவளுக்காக அதில் ஒரு வாய்தா மனுவை அடித்துக் கொடுத்துவிடலாம். எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான். "பெரிய வக்கீலானா தெனம் நூறு பேர் கையெழுத்து கேப்பாங்கம்மா, இப்பவே கை பழகட்டும்" என்று சுப்பராயன் கிண்டல் செய்வார். அவளும் வாலைக் கொஞ்சம் நீட்டிப் போட்டுவிட்டுச் சிரிப்பாள்.

கோர்ட்டிலிருந்து ஆபீஸுக்கு ஐந்து நிமிஷ நடை. அவள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பது பிறகு எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சுப்பராயன் டைப்ரைட்டருக்கு முன்னால் இருந்தார். அவளைப் பார்த்ததும் அதற்கு உறையைப் போட்டு மூடினார். அவள் கேட்காமலே பதில் வந்தது.

"சார் அடிக்கச் சொன்னாரு, அடிச்சேம்மா. எனக்கு மூணு பொண்ணு."

உள் அறையில் ரகுபதி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் உட்காரச் சொன்னார். மறைக்கவே இல்லை. அந்த மெட்ராஸ் கம்பெனி எண்பது ஏக்கர் வாங்குகிறது, அத்தனை பத்திரமும் வழக்கும் இனி இந்த ஆபீஸுக்குத்தான் என்று மோர்சாதத்தைப் பிசைந்தபடி விளக்கினார். ராஜாமணி வெள்ளிக்கிழமையே பத்திரம் பதிந்து கொடுத்துவிட்டான். இந்தச் சாலை நெடுக ஃபாக்டரிகள் வரப்போகின்றன, பத்து வருஷத்தில் நிலவழக்கு என்றால் மெர்சி என்று பேர் சொல்லும்படி ஆக்கிவிடுகிறேன் என்றார்.

"அந்த அக்கா என்னை நம்பி வந்தாங்க சார்" என்றாள் மெர்சி. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"நானும் உன்னை நம்பித்தான் முடிச்சேன்." அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "இதோ பாரும்மா. அந்த வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லணும்னா காரணம் சொல்லணும். உங்கிட்ட இருக்கறது ஒரே காரணம். வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்னு எழுதணும். அப்படி எழுதினா பார் கவுன்சில் முதல்ல யாரைக் கூப்பிடும்? என்னையா?"

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் எழுந்து வந்துவிட்டாள்.

புளியமரத்தடியில் சுந்தராம்பாள் தூக்குவாளியைத் திறந்து அவளுக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்திருந்தாள். மெர்சி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வழக்கு இல்லை, தடை இல்லை, நிலம் பதிவாகிவிட்டது, காரணம் என் கையெழுத்து.

சுந்தராம்பாள் அழவில்லை. தூக்குவாளியை மூடிக் கீழே வைத்தாள்.

"நான் கைநாட்டு" என்றாள். "இந்தக் கொழுந்தன் எத்தினி வாட்டி வெறுந்தாளை எடுத்தாந்து ரேகை வையின்னான் தெரியுமா? எழுத்து இல்லாத தாள்ல நான் வெரலு வச்சதே இல்ல. நீ படிச்ச பொண்ணாச்சே. இன்னா படிச்ச?"

வெயில் நகர்ந்து மெர்சியின் கறுப்புக் கோட்டின்மேல் விழுந்தது. கல் நடுகிற சத்தம் இங்கே கேட்க வாய்ப்பில்லை, ஆனாலும் கேட்டது.

கோர்ட் கலைய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

மெர்சி சுந்தராம்பாளையும் கூட்டிக்கொண்டு சாம்சனைத் தேடிப் போனாள். சட்டக் கல்லூரியில் கூடப் படித்தவன். பஸ் நிலையத்தின் எதிரே சைக்கிள் கடை மாடியில் தனியாக ஆபீஸ் வைத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். இதை எழுதினால் உன் வேலையே போகலாம் என்றான். தெரியும் என்றாள். வழக்கில் சாட்சியாக வருகிறவள் அதே வழக்கில் வக்கீலாக இருக்க முடியாது என்பதையும் ஞாபகப்படுத்தினான். அதுவும் அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

சாம்சன் பிரமாணப் பத்திரத்தை அடித்தான். மெர்சி சொல்லச் சொல்ல, சனிக்கிழமை வழக்கமும் பத்துத் தாள்களும் சுப்பராயனின் பதிலும் ரகுபதியின் எண்பது ஏக்கரும் ஒவ்வொரு பத்தியாக இறங்கின. 'படிக்காமல் அல்ல, படிக்க எதுவுமே இல்லாத தாளில் கையெழுத்திட்டேன்' என்ற வரியில் அவன் விரல் நின்றது. இது வேண்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றாள்.

சாம்சனை வக்கீலாக அமர்த்தும் தாளைச் சுந்தராம்பாளுக்கு முழுவதும் படித்துக் காட்டிய பிறகுதான் அவள் மையில் கட்டைவிரலைத் தொட்டாள். ரேகை வைத்துவிட்டு விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். மெர்சி தன் பிரமாணப் பத்திரத்தில் பேனாவை வைக்கப் போனபோது அந்த மை விரல் தாளின்மேல் வந்து விழுந்தது.

"படிச்சியா?"

"நான்தானே சொன்னேன்க்கா."

"படி."

மெர்சி முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தாள். தன் பெயர், தகப்பன் பெயர், வயது இருபத்தாறு, தொழில் வழக்கறிஞர். படித்து முடித்ததும் கடைசி வரியை ஒட்டி, இடைவெளி விடாமல் கையெழுத்துப் போட்டாள். வால் போடவில்லை.

நாலு மணிக்கு நீதிபதி அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதன் விளைவு உங்களுக்குப் புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்றாள். எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றும், அவர்கள் பதில் வரும்வரை நிலத்தில் யாரும் எதுவும் செய்யக் கூடாது என்றும் சொன்னார். மெர்சியின் நடத்தை பற்றிப் பார் கவுன்சிலுக்குத் தனியாக எழுதி அனுப்பப்படும் என்றும் அதே குரலில் சொன்னார். கிளார்க் எழுதிக்கொண்டார்.

மெர்சி வக்கீல்களின் நாற்காலிக்குப் போகவில்லை. பின்னால், கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் சுந்தராம்பாள் நகர்ந்து இடம் விட்டாள்.

"கல்ல புடுங்குவானுங்களா?" என்று கேட்டாள்.

"புதுசா கல்லு நடக் கூடாது. அவ்ளோதான் இன்னைக்கு" என்றாள் மெர்சி.

சுந்தராம்பாள் தூக்குவாளியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மத்தியானம் மெர்சிக்கு எடுத்து வைத்த பங்கு அதில் அப்படியே இருந்தது. அதை அவளிடம் கொடுக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை.