லைனில் ஒரு புது நேயர்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் ரேடியோவை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று யாராவது விசாரித்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். போன் பண்ணிப் பேசுகிறவர்கள் ஐந்தே பேர். ஐந்து பேரும் ரிட்டயரான மத்திய அரசு அதிகாரிகள். டில்லித் தமிழர்கள் அத்தனை பேர் சார்பிலும் அவர்களே பேசுவார்கள், அவர்களே மறுப்பார்கள், அவர்களே முடித்தும் வைப்பார்கள். நடுவில் "சொல்லுங்க சார்" என்று சொல்வதற்கு மட்டும் மாதங்கி என்கிற நான். வார நாளெல்லாம் நொய்டாவில் ஒரு டிவி சேனலில் வேலை; ஞாயிறு காலையில் இந்தச் சம்பளமில்லாத சேவை.

ஐந்து பேரிலும் முந்திக்கொள்கிறவர் மயூர் விஹார் வேதாந்தம் சார். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் லைனில் இருப்பார். "பாயிண்ட் நம்பர் ஒண்ணு" என்றுதான் ஆரம்பிப்பார். சம்பளக் கமிஷன், மெட்ரோ படிக்கட்டு, பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஸ்பீட் பிரேக்கர் என்று எதைப் பற்றியும் அவருக்கு இரண்டு பாயிண்டாவது உண்டு. தன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. நானும் கேட்டதில்லை.

ஸ்டேஷனை நடத்துகிற பத்ரா மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கணக்கு தெரியும். "வாராவாரம் அதே அஞ்சு அங்கிள்தானா? உங்க ஊர்க்காரங்க வேற யாரும் டில்லியில இல்லையா?" என்று இந்தியில் கேட்டார். மாதக் கடைசிக்குள் புது ஆட்கள் பேசவில்லையென்றால் அந்த ஒரு மணி நேரத்தை ஜோசியத்துக்குக் கொடுத்துவிடுவாராம். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

வீட்டு வேலை செய்கிற பெண்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், கல்யாணமாகி இந்தி தெரியாமல் வந்து இறங்கியிருக்கும் பெண்கள் என்று இதுவரை நாங்கள் கண்டுகொள்ளாதவர்களைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். நோட்டீஸ் அடித்துக் காலனி காலனியாக ஒட்டினேன். பழைய ஐவருக்கும் போன் போட்டு, இந்த மாதம் முழுக்கப் புது ஆட்களுக்கு மட்டும்தான் லைன், நீங்கள் பேச வேண்டாம் என்றேன். நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். வேதாந்தம் சார் மட்டும், "அப்படியா? சரிம்மா. நோட்டட்" என்று வைத்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது.

முதல் வாரம் ஒரு நர்ஸும் இஸ்திரி போடுகிற அம்மா ஒருவரும் பேசினார்கள். அடுத்தடுத்த வாரங்களில் ஈ காக்கை இல்லை. ஞாயிறு பதினொரு மணிக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. என் வீட்டுப் பாத்திரங்களே அந்நேரம்தான் கழுவப்படுகின்றன.

மாதத்தின் கடைசி ஞாயிறு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பத்ரா மேடம் வந்து உட்கார்ந்துவிட்டார். போன் அடிக்கவே இல்லை. டில்லி வெயிலைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசுவது? நாக்கு வறண்டபோது, போன் பார்த்துக்கொள்ளும் அனிருத் கட்டை விரலை உயர்த்தினான். "நயா காலர், மாதங்கி. புது ஆள். ப்ளம்பர். நேம் சிவஞானம்."

"வணக்கம்மா. நான் கொயா ரிப்பேர் பண்றவன். விழுப்புரத்தாண்ட. டில்லிக்கு வந்து ஆறு வர்சம் ஆவுது. என்னோட சப்மிஷன் ரெண்டு."

தெரியாத ஏதோ ஒரு நம்பரிலிருந்து கால் வந்திருந்தது. குரலைக் கரகரவென்று மாற்றிக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் கேட்ட வேதாந்தம் சார் குரல் எனக்குத் தெரியாதா? சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. வெட்டிவிட்டால் மறுபடி வெயில்தான். ஏற்றுக்கொண்டால் போலி நேயரை வைத்து ஒப்பேற்றியதாகும். சரி, மாட்டிக்கொள்ளட்டும் என்று கேட்டேன்.

"அண்ணே, எங்க வீட்டு ஃப்ளஷ் டேங்க்ல தண்ணி நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. என்ன பண்றது?"

"அத... சம்பந்தப்பட்ட டிபார்ட்மென்ட்டுக்கு எளுதிக் குடுக்கணும்மா."

அனிருத் வாயைப் பொத்திக்கொண்டான். புதிதாகப் பேசுகிறவர்களிடம் வழக்கமாகக் கேட்பதைத்தான் அடுத்துக் கேட்டேன். "வீட்ல யார் யார் இருக்காங்கண்ணே?"

"வூட்லயா?" என்றார். அப்புறம், "சம்சாரம் தவறிட்டாம்மா. போன தீபாவளிக்கு முன்னாடி."

அந்தத் தீபாவளி வாரமும் வேதாந்தம் சார் கூப்பிட்டிருந்தார். பட்டாசுப் புகையைப் பற்றி இரண்டு பாயிண்ட் சொல்லிவிட்டு வைத்தார்.

"பையன் வெளிநாட்ல. வேலைக்கு வரவகிட்ட ஹிந்தியில ரெண்டு வார்த்தை, காய்கறி விக்கற பையாகிட்ட ரெண்டு வார்த்தை. தமிழ்ல பேசறது ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். இந்த மாசம் அதுவும் இல்லே. ஆத்துல குக்கர் சத்தத்தைத் தவிர ஒண்ணும் கேக்கலேம்மா."

விழுப்புரம் எப்போதோ கழன்று விழுந்திருந்தது. அரைகுறைத் தமிழ் பேசும் அனிருத்துக்கே புரிந்துவிட்டது. வெட்டட்டுமா என்று விரலால் கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"அவங்க பேர் என்ன?"

"மீனாக்ஷி." அந்தப் பெயருக்குப் பிறகு அவர் தயங்கவே இல்லை. "நான் ரூம் கதவைச் சாத்திண்டு உங்களோட போன்ல பேசுவேன். அவ அடுக்களையில ரேடியோவைப் பெரிசா வெச்சுண்டு கேப்பா. நான் வெளியில வந்தா, 'இன்னிக்கு ரெண்டாவது பாயிண்ட் சுத்தத் தப்பு'ம்பா. அதுக்குன்னே சில நாள் வேணும்னு தப்பாச் சொல்லியிருக்கேன். சண்டை சாப்பாடு வரைக்கும் போகும். இப்ப சரியாச் சொன்னாலும் தப்பாச் சொன்னாலும்... யாரு கேக்கறா?"

"நான் கேக்கறேன். சொல்லுங்கோ," என்றேன்.

சொன்னார். மீனாக்ஷி மாமி பஸ்ஸில் கண்டக்டரோடு தமிழிலேயே சண்டை போட்டு ஜெயித்தது, ஆஸ்பத்திரியில் கடைசியாக மோர் கேட்டது, தனக்கு மோர் கடையத் தெரியாமல் போனது. பாயிண்ட் நம்பர் எதுவும் இல்லாமல் நிகழ்ச்சி முடிகிறவரை பேசினார். நான் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை.

ஹெட்போனைக் கழற்றியபோது பத்ரா மேடம் உள்ளே வந்தார். அவருக்கு ஒரு வார்த்தையும் விளங்கியிருக்காது. ஆனாலும் குரலைத் தணித்துக்கொண்டுதான் கேட்டார்.

"யார் அவர்? இவ்வளவு நேரம் பேசினாரே, புது ஆளா?"

அனிருத் என்னைப் பார்த்தான்.

"புது ஆள்தான் மேடம்," என்றேன். "இன்னைக்குத்தான் முதல் தடவையா பேசறார்."